29 பீரியடும் ஒரு தண்ணி பாட்டிலும்

2012-ஆம் ஆண்டு பிறந்த அன்று என் கையில் இருந்தவை இரண்டு காலிக் குடங்கள். டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்திருந்தது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது. தெருவை மறித்துக் கிடந்த வேப்பமரத்தில் ஏறி இறங்கிப் போய் அடிபம்பில் வரிசை நின்றேன். அதற்கு ஒரு வாரம் முன்புதான் புது டைரியின் முதல் பக்கத்தில் 11 இலக்குகளை நம்பர் போட்டு எழுதியிருந்தேன். கூரை வழியாக இறங்கிய மழையில் டைரி ஊறி, மை கரைந்து, பதினொன்றும் ஒரே நீலமாகிவிட்டன.

கடலூர்க்காரர்களுக்கு டிசம்பர் என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம் உண்டு. 2004-ல் சுனாமி, 2011-ல் தானே, 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல். மற்ற ஊர்களில் புத்தாண்டு கேக்கோடு வந்தால், எங்கள் ஊரில் பல வருடம் கொடியில் காயாத துணியோடுதான் வந்திருக்கிறது. இருந்தும் நான் விடவில்லை. வருடா வருடம் எழுதினேன். எல்லாரையும் தேர்ச்சி பெற வைப்பேன். கோபப்பட மாட்டேன். நோட்டுகளை அன்றன்றே திருத்துவேன். காலையில் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நடப்பேன். பெரும்பாலும் பொங்கல் கரும்பு தீரும் முன்பே இவையும் தீர்ந்துவிடும்.

நான் கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. “நமக்கு வருஷம் ஜூன்லதான பொறக்குது, ஜனவரில என்னா தீர்மானம்?” என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பாகூரில் வேலை பார்க்கும் என் நாத்தனாருக்கு ஜூன்கூட இல்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் அவளுடைய கணக்கே வேறு. ஆனாலும் எனக்கு ஜனவரிதான் சரியென்று படுகிறது. ஜூனில் எழுதுவது ஆசை. ஜனவரியில் எழுதும்போது கையில் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். இதை நான் கற்றுக்கொண்டது 2025 ஜனவரியில், அதுவும் வேறு வழியில்லாமல்.

ஃபெஞ்சல் கரையேறியது 2024 நவம்பர் 30. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. நாணமேடு, கண்டக்காடு, தாழங்குடா, குண்டுஉப்பலவாடி என்று ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற ஊர்களெல்லாம் மிதந்தன. என் வகுப்பில் 38 பேர். அதில் 14 பேருக்கு ஒரு நோட்டுகூட மிஞ்சவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸ் போன கணக்கை நான் எடுக்கவேயில்லை. எங்களுக்கு அரையாண்டுத் தேர்வே ஜனவரி 2-க்குத் தள்ளிப்போனது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளி திறந்ததும், போன நோட்டுகளைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் வாங்கி மறுபடி எழுதச் சொன்னேன். ஆறு மாதக் கணக்கு நோட்டு! நாலாம் நாள் நாணமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். வகுப்பறை வாசலிலேயே நின்றுகொண்டு, “டீச்சர், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எழுதுது. வூட்டுல நாங்க இன்னும் சேறே அள்ளி முடியல. கொஞ்சம் பாருங்க” என்றார். அதட்டிச் சொல்லியிருந்தால்கூட நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். “கொஞ்சம் பாருங்க” என்றதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அன்று மாலை ஸ்டாஃப் ரூம் சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்தேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28-ல் தொடங்குகிறது. ஜனவரி 2-லிருந்து மார்ச் 27 வரை சனி, ஞாயிறு போக எண்ணினேன். 61 நாள். பரவாயில்லையே என்று இருந்தது. அப்புறம் அடிக்க ஆரம்பித்தேன். பொங்கல் விடுமுறை வார நாளில் 4. தைப்பூசம் 1. அரையாண்டுத் தேர்வு 7. மிச்சம் 49. இரண்டு திருப்புதல் தேர்வு, ஒன்றுக்கு 6 நாள் வைத்தால் 12. மார்ச்சில் பிளஸ் டூ தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராக என்னைப் போடுவார்கள். போன அனுபவத்தில் 8 நாள். கடைசியில் நின்றது 29.

29 நாள், நாளைக்கு ஒரு பீரியட். ஒரு பீரியட் 40 நிமிடம், அதில் வருகைப் பதிவு, எமிஸ் இணையதளப் பதிவு, ‘மிஸ் ஹெச்.எம். கூப்பிடறாரு’ எல்லாம் உண்டு. பதினாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையாவது இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை. இத்தனை வருடமும், மாதச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமலே மளிகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கையில் இருப்பது தெரிந்ததும் எதை விடுவது என்பது தானாகத் தெரிந்தது. பழைய நோட்டு எழுதும் வேலையை அன்றே நிறுத்தினேன். எல்லாருக்கும் புதிதாக 80 பக்க நோட்டு ஒன்று. ஒவ்வொரு வகைக் கணக்குக்கும் ஒரே ஒரு தீர்த்த மாதிரி, அதன் கீழே அவர்களாகப் போட்ட ஒன்று. அவ்வளவுதான். வெள்ளத்தில் நோட்டு போகாத பிள்ளைகளுக்கும் இதைத்தான் கொடுத்தேன். ஒரு விஷயம் கவனித்தேன்: ஆறு மாத நோட்டு பத்திரமாக இருந்தவர்களும் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு மதிப்பெண் 14, செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இதுவே 30. அதற்கு மேல் இரண்டு மதிப்பெண் கேள்வி மூன்று சரியாகப் போட்டால் 35 தாண்டிவிடும். இந்தக் கூட்டலை வெளியில் சொல்ல எனக்கு முன்பெல்லாம் கூச்சமாக இருக்கும். கணக்கு சொல்லிக் கொடுக்கிறோமா, கணக்குப் பண்ணுகிறோமா என்று. 29 பீரியடில் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. வாரத்தில் இரண்டு நாள் வடிவியலும் வரைபடமும், மூன்று நாள் மற்றவை என்று பிரித்தேன். அரையாண்டு விடைத்தாள்களில் மதிப்பெண்ணைக் கூட்டிய பிறகு, மதிப்பெண் எங்கே போனது என்று தனியாக ஒரு தாளில் கோடு போட்டேன். மைனஸ் குறி தவறு, அளவுத்திட்டம் எழுதாதது, உதவிப் படம் போடாதது, கேள்வியைத் தொடவே இல்லை என்று நாலு கட்டம். தவறாகப் போட்டவர்களைவிடத் தொடாமல் விட்டவர்கள்தான் அதிகம். நான் இத்தனை வருடமும் தவறுகளைத்தான் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தேன். காலியிடத்தில் சுழிக்க எதுவும் இல்லாததால் அது என் கண்ணிலேயே பட்டதில்லை.

ஜனவரி 13 போகி. பள்ளி உண்டு. வந்தது 26 பேர். பாடம் நடத்தினால் வராத 12 பேருக்கு மறுபடி நடத்த வேண்டும். சும்மா இருக்கவும் முடியாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, “பேர் எழுத வேணாம். என்கிட்ட இருக்கற ஒரு பழக்கத்தைப் போகியில போடணும்னா எதைப் போடுவீங்க?” என்றேன். முதலில் ஒருவரும் எழுதவில்லை. பின் பெஞ்சில் ஒருவன், “நெசமாவா மிஸ்?” என்றான். “கையெழுத்தை வச்சுக் கண்டுபிடிக்க மாட்டேன்” என்று சத்தியம் செய்த பிறகுதான் பேனா நகர்ந்தது. (கண்டுபிடித்தேன். ஆறு மாதம் நோட்டு திருத்தியவளுக்குக் கையெழுத்து தெரியாதா?)

வீட்டுக்கு வந்து பிரித்தேன். “பெல் அடிச்ச பிறகு நடத்தாதீங்க.” இது ஏழு பேர். “பேனாவால மேசைய தட்டாதீங்க, தலை வலிக்குது.” “எங்க அண்ணன் மாதிரியே நானும்னு சொல்லாதீங்க.” இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவன் அண்ணனுக்கும் நான்தான் டீச்சர். பத்தாவதில் நின்று போனவன். “சிரிக்கும்போது நல்லா இருக்கீங்க மிஸ்” என்று பழக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒன்று. அப்புறம் இது: “நீங்களே கேள்வி கேக்கறீங்க. நீங்களே பதில் சொல்லிடறீங்க. நாங்க எதுக்கு?”

நான் வருடா வருடம் எழுதிய இலக்குகளையெல்லாம் ஓரம்கட்டியது அந்த ஒரு சீட்டு.

ஆசிரியர் பயிற்சி ஒன்றில் கேட்டது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்கிற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான் என்று கண்டார். அதை 3 விநாடி ஆக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதிலே சொல்லாமல் இருப்பவர்கள் குறைகிறார்கள், வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். பயிற்சியில் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். செய்து பார்த்தால்தான் தெரிகிறது, வகுப்பில் 3 விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று. வாய் பரபரக்கிறது. மௌனத்தைப் பார்த்தால், பாடம் கையை விட்டுப் போகிற மாதிரி பயம். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்தேன். இரண்டிலேயே பதில் வெளியே வந்துவிட்டது, என் வாயிலிருந்து.

இதற்கு நடுவில் என் உடம்புக் கதை ஒன்று இருக்கிறது. அக்டோபரில் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “ஸ்கூல்ல எவ்ளோ தண்ணி குடிப்பீங்க டீச்சர்?” நான் யோசித்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து நாலேகால் வரைக்கும் அரை டம்ளர் இருக்குமா? வாங்கி வைத்த பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். மறதியில் இல்லை, வேண்டுமென்றேதான் குடிக்க மாட்டேன். குடித்தால் போக வேண்டும், போகிற இடம் போகிற மாதிரி இருக்காது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. படிக்கிற பெண் ஆசிரியர்களில் பாதிப் பேர் இப்போது தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அதே காரணத்தால் தொண்டையும் போகும். பிப்ரவரி வந்தால் என் குரல் தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி ஆகிவிடும். மாத்திரை சப்பிக்கொண்டே தொடுகோடு நடத்துவேன்.

அதனால் அந்த ஜனவரியில் என் சொந்த இலக்குகளில் முக்கியமானது ஒன்றுதான்: பள்ளியில் ஒரு லிட்டர் தண்ணீர். அதற்கு முதலில் கழிவறை. நாங்கள் ஏழு பெண்கள். குழாய் ஒழுகும், தாழ்ப்பாள் விழாது, பல்பு இல்லை. இதை எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, ஆள் வருவதற்குள் மார்ச் வந்துவிடும் என்று தெரியும். ஆளுக்கு 150 ரூபாய் போட்டு ஒரு சனிக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டுச் சரி செய்தோம். நம் காசில் ஏன் செய்ய வேண்டும் என்று ஒருவர் கோபப்பட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டியது என் உடம்பு.

அந்த 3 விநாடியும் இந்தத் தண்ணீரும் எப்படி ஒட்டிக்கொண்டன என்று கேட்டால், திட்டம் போட்டெல்லாம் இல்லை. ஒரு நாள் வரைபடப் பாடத்தில், “x-க்கு மைனஸ் 2 போட்டா y என்னா?” என்று கேட்டேன். தொண்டை கமறியது. பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தேன். மூடியைத் திருகி வைத்துவிட்டு நிமிர்ந்தால், மூன்றாவது பெஞ்சில், அதுவரைக்கும் என் வகுப்பில் தானாக ஒரு வார்த்தை பேசியிராத பெண், “நாலு மிஸ்... வர்க்கம்னா மைனஸ் போயிடும்ல?” என்றாள்.

அன்றிலிருந்து கேள்வி கேட்டால் ஒரு மடக்கு. எண்ணத் தேவையில்லை, வாயில் தண்ணீர் இருந்தால் பதில் சொல்லவும் முடியாது. ஒரு பீரியடுக்கு எட்டுப் பத்துக் கேள்வி. நாலு பீரியட் முடிவதற்குள் பாட்டில் காலி. பக்கத்து வகுப்புத் தமிழ் ஐயா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “என்னா டீச்சர், கேள்வியைக் கேட்டுட்டுத் தண்ணி குடிக்கிறீங்க, பதில் தெரியலயா?” என்றார். இரண்டு வாரம் கழித்து அவர் மேசையிலும் ஒரு பாட்டில் இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, செய்து பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மிச்சம் 37 பேரும் நிம்மதியாக மூச்சு விட்டுவிடுவார்கள். கேள்வி, தண்ணீர், அதற்குப் பிறகுதான் பெயர். அந்தப் பெயரையும் நான் தேர்ந்தெடுத்தால் கண் தானாக முதல் பெஞ்சுக்குத்தான் போகிறது. அதனால் ஐஸ் குச்சிகளில் 1 முதல் 38 வரை எண் எழுதி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். தேவனாம்பட்டினம் பிள்ளைகள் சில்வர் பீச்சில் பொறுக்கிக் கழுவிக் கொண்டு வந்த குச்சிகள். தெரியாதென்றால் “பாஸ்” சொல்லலாம், ஆனால் அடுத்தவர் சொன்ன பதிலை அவர் திரும்பச் சொல்ல வேண்டும். கை தூக்குகிற நாலு பேருக்கு இதில் ரொம்ப வருத்தம். நூறு வாங்கப் போகிற ஒருத்தி கேட்டேவிட்டாள், “எனக்கு எப்ப மிஸ் வரும்?” அவளுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் 42-ஆவது கேள்வி மாதிரியான, கட்டாயமாக எழுத வேண்டிய கடினக் கணக்குகளைத் தனித் தாளில் கொடுத்துவிட்டேன். அதைத் திருத்த எனக்கு நேரம் போதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு அவர்களுக்கு நான் குறைவாகத்தான் செய்தேன்.

காத்திருப்பது வகுப்புக்கான முதல் இலக்கு என்றால், இரண்டாவது, தினம் ஒரு வீட்டுக்குப் போன். நல்ல செய்தி மட்டும். இதை ஆரம்பித்ததற்கு அந்த “அண்ணன் மாதிரி” சீட்டுதான் காரணம்.

டீச்சரிடமிருந்து போன் என்றால் வீடு எப்படிப் பயப்படும் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது. எடுத்தது ஒரு ஆயா. “ஐயோ, இன்னா பண்ணிட்டான்? அடிச்சுப்புட்டானா?” “ஒண்ணும் இல்லைங்க ஆயா. இன்னிக்கி போர்டுல கணக்கு நல்லாப் போட்டான், அதச் சொல்லலாம்னுதான்.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “அதுக்கு ஏம்மா காசு செலவு பண்ணி போன் பண்ற?” என்றார்.

எந்த நேரத்தில் கூப்பிடுவது என்பதைக் கற்க இரண்டு வாரம் ஆனது. நான் வழக்கமாகக் கூப்பிடும் மாலை ஆறு மணிக்கு, விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் தூங்கியிருப்பார். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் அம்மாக்கள் போனை லாக்கரில் வைத்திருப்பார்கள். பேருந்தில் நின்றுகொண்டு கூப்பிடவே கூடாது. திருப்பாதிரிப்புலியூர் போகிற வரைக்கும் முழுப் பேருந்தும் கேட்கும். பதிவேட்டில் இருந்த எண்களில் ஒன்று ரீசார்ஜ் கடைக்காரருடையது. அவர் பொறுமையாக, “அந்தத் தம்பியோட மாமா என் ஃப்ரெண்டுதான் டீச்சர், சொல்லிடறேன்” என்றார். சொன்னாரா தெரியாது. பொதுவாக “நல்லாப் படிக்கிறான்” என்றால் யாரும் நம்புவதில்லை என்பதையும் கண்டேன். அன்று நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் வகுப்பில் பார்க்க வேண்டும். தினம் ஒரு பிள்ளையைக் குறித்து வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன்.

“அண்ணன் மாதிரி” சீட்டு எழுதிய தம்பியின் முறை வந்தது. அன்று வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடு வரையும் கணக்கு. மற்றவர்கள் தாளில் கோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போயிருந்தது, அல்லது தொடாமல் நின்றது. இவன் தாளில் இரண்டும் சரியாகத் தொட்டுக்கொண்டு போயின, ஒரே அழுத்தத்தில், அழிக்காமல். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அப்பாவைப் பிடித்தேன். பெரியவன் விஷயத்தில் என்மேல் மனத்தாங்கல் உள்ளவர். சொன்னேன். “கோடா டீச்சர்? கோடு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. தடைக்காலத்துல முதலாளி படகுக்குப் பெயின்ட் அடிக்கறப்ப பார்டர் கோடு அவன்தான் போடுவான். வேற எவன் போட்டாலும் முதலாளி ஒத்துக்க மாட்டாரு” என்றார்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும், பழுது பார்ப்பார்கள், வண்ணம் பூசுவார்கள். அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அதை நான் பார்க்கிறேன். அந்தக் கோடுகளில் ஒன்றை என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவன் போட்டிருப்பான் என்று தோன்றியதில்லை.

திங்கட்கிழமை கரும்பலகைக் காம்பசை அவன் கையில் கொடுத்தேன். வடிவியல் நாளில் பலகையில் வரைவது அவன், படிகளைச் சொல்வது நான் என்று ஆனது. பிப்ரவரி நடுவில் படிகளையும் அவனே சொன்னான். அவன் அண்ணன் பெயரை அதற்கப்புறம் வகுப்பில் நான் எடுக்கவில்லை.

சரி, மற்ற இலக்குகள் என்ன ஆயின?

நடை: மூன்று நாள். நாலாம் நாள் பனி, ஐந்தாம் நாள் சளி. இப்போது பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன், 15 நிமிடம். சில்வர் பீச்சை ஞாயிற்றுக்கிழமை சுண்டலோடு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடைத்தாள் கட்டை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன் என்று மகளுக்கு வாக்கு கொடுத்திருந்தேன். பாதி ஞாயிறுகளில் காப்பாற்றினேன். மீதி ஞாயிறுகளில் அவள் கட்டைத் தூக்கித் துணி துவைக்கும் மெஷின் மேல் வைத்துவிடுவாள். கோபம் பற்றி எழுதுவதை நிறுத்திவிட்டேன். “கோபப்பட மாட்டேன்” என்பது எப்போது முடிந்தது, எப்போது தவறியது என்று யாராலும் சொல்ல முடியாத இலக்கு. அதற்குப் பதில் “பேனாவால் மேசையைத் தட்ட மாட்டேன்” என்று வைத்தேன். தட்டினால் ஒரு கடலைமிட்டாய் அபராதம், பிடிக்கிறவருக்கு. வகுப்பே கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது. மார்ச் வரைக்கும் 23 கடலைமிட்டாய். ஆற்றுத் திருவிழா முடிந்து வந்த திங்கட்கிழமை மட்டும் ஐந்து. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில் சுற்றிவிட்டு, சுருளிக் கிழங்கு தின்றுவிட்டு வந்த பிள்ளைகளைக் கணக்குக்குத் திருப்புவது எளிதில்லை.

பெல் அடித்த பிறகு நடத்துவது மட்டும் இன்றுவரை போகவில்லை.

மே மாதம் முடிவு வந்தது. 36 பேர் தேறினார்கள். இரண்டு பேர் கணக்கில் தவறினார்கள். ஒருத்தி ஜூலை துணைத் தேர்வில் எழுதித் தேறினாள், இன்னொருவன் எழுத வரவில்லை. அவன் வீட்டு எண்ணுக்கு இப்போதும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். கோடு போடும் தம்பி 52. அவனைவிட அவன் அப்பா அந்த எண்ணைப் பல பேரிடம் சொன்னதாகக் கேள்வி. நூறு வாங்குவாள் என்று நினைத்தவள் 94. அந்த 6 மதிப்பெண்ணில் எனக்கும் பங்கு இருக்கிறது.

இதோ 2025 முடியப் போகிறது. இந்த டிசம்பரில் பெரிதாக வெள்ளம் இல்லாமல் அரையாண்டுத் தேர்வு அந்தந்தத் தேதியில் முடிந்துவிட்டது. நேற்று காலண்டரைப் பிரித்தேன். இந்தத் தடவை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 11-லேயே தொடங்குகிறது, போன தடவையைவிட இரண்டு வாரத்துக்கு மேல் முன்னால். பொங்கல், குடியரசு தினம், திருப்புதல், கண்காணிப்பு எல்லாம் அடித்துப் பார்த்தால் 27 தேறுகிறது. இலக்கு இரண்டு எழுதியிருக்கிறேன். நூறு வாங்கக்கூடிய பிள்ளைகளின் தாளை வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுப்பது. பெல் அடித்ததும் சாக்பீஸைக் கீழே வைப்பது.

சீட்டு எழுதுவதற்குப் போகிவரை காத்திருக்கவில்லை. தேர்வு முடிந்த அன்றே இந்த வருடப் பிள்ளைகளிடம் வாங்கி வந்துவிட்டேன். மதியம் சமையலை முடித்துவிட்டுப் பிரித்தேன். பெல் விஷயம் ஒன்பது பேர். “ஐஸ் குச்சியில 17 மட்டும் நெறய தடவ வருது, செக் பண்ணுங்க மிஸ்” என்று ஒன்று. கொட்டிப் பார்த்தேன், உண்மையாகவே 17 இரண்டு இருந்தது. கடைசிச் சீட்டில், உருண்டையான கையெழுத்தில்: “தண்ணி பாட்டில மாத்துங்க மிஸ். மூடி தெறக்கறப்ப கீச்சுனு கத்துது, யோசிக்கவே முடியல.”

நாளைக்கு லாரன்ஸ் ரோட்டுக்குப் போக வேண்டும். கடையில் மூடியைத் திறந்து திறந்து கேட்டுப் பார்த்துத்தான் வாங்கப் போகிறேன்.